இன்னொரு கிட்னி எப்படி இருக்கு?

பெரிய சிறுநீரகக் கட்டிக்கு எந்த அறுவை சிகிச்சை? முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

"ரோபோட்ல பண்ணுவாங்களா, லேப்ராஸ்கோப்பியா, இல்ல ஓப்பன்தானா?"

சிறுநீரகத்தில் பெரிய கட்டி என்று ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு குடும்பம் முதலில் கேட்பது இதைத்தான். பித்தப்பைக் கல்லுக்கோ வயிற்று எரிச்சலுக்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், எதிர்பாராமல் கண்ணில் பட்ட கட்டியாக இருக்கும். சிறுநீரில் ரத்தம், விலாவுக்குக் கீழே வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று பாடப்புத்தகம் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வருவது இப்போது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. வலியே இல்லாத மனிதரிடம் எட்டு சென்டிமீட்டர் கட்டி என்றால் அவரால் நம்ப முடிவதில்லை. அவர் நம்பி முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் போனில் வந்துவிடுவார்கள். ரோபோட்டில் செய்தால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பார் ஒருவர். திறந்து, கண்ணால் பார்த்துச் செய்தால்தான் முழுசாக எடுக்க முடியும் என்பார் இன்னொருவர்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்டு முடிக்க வேண்டியவை இருக்கின்றன. கட்டி சிறுநீரகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது? முழுச் சிறுநீரகமும் போக வேண்டுமா, கட்டியை மட்டும் எடுக்க வழி உண்டா? எல்லாவற்றுக்கும் முன்னால், இன்னொரு சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் தேதி குறிக்கப்படும் அறுவை சிகிச்சைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

உப்பளத்துக்காரரின் சிறுநீரகம்

தூத்துக்குடிக் கரையில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். வேப்பலோடை, தருவைக்குளம் தொடங்கி முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை பாத்திகள் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளையில் விரிந்து கிடக்கின்றன. விடியுமுன் இறங்கினாலும் வெயில் ஏறிய பிறகுதான் வேலை முடிகிறது. மேலிருந்து வெயில், கீழே உப்பிலிருந்து எதிரொளிக்கும் சூடு. ஒதுங்க மறைவிடம் இல்லாத வெளி என்பதால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஒருநாள் என்றால் மீண்டுவிடும், ஆண்டுக்கணக்கில் நடந்தால் தேய்ந்துபோகும். இதோடு இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரை சேர்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும், நடுக்கடலில் நாள் முழுக்க வலை இழுக்கிறவருக்கும் கதை ஏறக்குறைய இதேதான். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பல்லாண்டுகளாக வாட்டும் சிறுநீரக நோயைப் பற்றிய ஆய்வுகளிலும் வெயிலும் நீர்வறட்சியும் முக்கியமான சந்தேகங்களாகப் பேசப்படுகின்றன.

இப்படிப்பட்ட ஒருவருக்குக் கட்டி வந்தால் கணக்கே மாறுகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை வைத்து ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்தநீரை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு அது. ஒன்றை முழுதாக எடுத்தால் திறன் பாதியாகிவிடும் என்று தோன்றும். மிஞ்சியது கூடுதலாக உழைக்கத் தொடங்குவதால் இழப்பு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. 95 இருந்தவர் அறுபத்துச் சொச்சத்தில் நிற்பார். வாழ்க்கை வழக்கம்போல் ஓடும். 60-இல் தொடங்கியவர் 40-க்கு வந்துவிடுவார். அங்கிருந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வெயிலும் சேர்ந்து இன்னும் கீழே இழுக்கும். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும். அறுவைக்குப் பின் ஜி.எஃப்.ஆர். 45-க்கு மேல் நிற்குமா என்பதை முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டு நெறி. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில ரூபாய்ச் செலவில் முடிகிற பரிசோதனை அது. பல நேரம் செய்யப்படாமலே போகிறது.

"கிட்னி தானம் கொடுத்தவங்க ஒத்தக் கிட்னியோட நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்த காலத்திலிருந்து எத்தனையோ கொடையாளிகள் அப்படி வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கொடையாளி சலித்தெடுக்கப்பட்டவர். சர்க்கரை, புரதம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் கொடுக்கவே விடமாட்டார்கள். கட்டி வந்தவரை யாரும் சலித்தெடுப்பதில்லை. பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயது. புகைபிடித்தல், உடல்பருமன், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றுமே இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் காரணங்கள், மிஞ்சும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

ஒன்றோடு வாழ முடியுமா என்று கேட்ட காலம்

ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் பிழைப்பார் என்பதே ஒருகாலத்தில் உறுதியில்லாத விஷயம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர், முதலில் நாய்களில் செய்து பார்த்து, அவை பிழைத்ததை உறுதிசெய்துகொண்டு, 1869 ஆகஸ்ட் 2 அன்று ஒரு பெண்ணுக்குத் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். சிறுநீர்க்குழாய் சேதமாகிச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருந்த பெண் அவர். பிழைத்தார். அதே நகரில் 1887-இல் வின்சென்ஸ் ஸெர்னி, கட்டியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மிச்சத்தைத் தைத்துவைத்தார். இன்றைக்கும் நாம் விவாதிக்கும் இரண்டு வழிகளும் இப்படி 18 ஆண்டு இடைவெளியில் பிறந்துவிட்டன.

ஆனால் பகுதி அறுவை நீண்ட காலம் ஓரத்தில்தான் இருந்தது. 1960-களில் டொராண்டோவின் சார்லஸ் ராப்சன், சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை, மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுக்கும் முறையை நிலைநாட்டினார். அதன்பின் புற்றுநோய் என்றால் முழுச் சிறுநீரகமும் போக வேண்டும் என்பதே விதியானது. விதியின் பாகங்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. அட்ரினலைக் கட்டி தொடவில்லை என்றால் இன்று விட்டுவிடுகிறார்கள். நிணநீர் முடிச்சுகளை வழக்கமாக எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 772 பேரை வைத்து நடந்த ஐரோப்பிய ஆய்வு 2009-இல் காட்டியது.

படத்தில் என்ன பார்க்கிறார்கள்

நான்கு சென்டிமீட்டர் வரை சின்னக் கட்டி. ஏழு வரை நடுத்தரம். ஏழைத் தாண்டினால் பெரியது. பத்தைத் தாண்டினால் மிகப் பெரியது. முழுச் சிறுநீரகமே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளந்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அளவுகளின் அர்த்தம் புரியும்.

அளவு மட்டும் முடிவைச் சொல்லிவிடாது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த சி.டி. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினால், நல்ல சிறுநீரகத் திசு சீரான வெள்ளையாகத் தெரியும். கட்டி திட்டுத்திட்டாக ஒளிரும்; நடுவில் ரத்தம் எட்டாமல் செத்துப்போன பகுதி கருப்பாகக் கிடக்கும். சிறுநீரகத்தின் கீழ்முனையிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு வளர்ந்த எட்டு சென்டிமீட்டர் கட்டியை, அடிப்பாகத்தோடு வெட்டியெடுத்து முக்கால் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட முடியும். ஐந்தே சென்டிமீட்டர் கட்டி, தமனியும் சிரையும் நுழையும் நடுவாயிலில் உட்கார்ந்திருந்தால் அனுபவசாலிகளே யோசிப்பார்கள். கட்டியின் அளவு, எவ்வளவு உள்ளே புதைந்திருக்கிறது, சிறுநீர் சேரும் பைக்கு எவ்வளவு அருகில், முன்பக்கமா பின்பக்கமா, நடுவிலா முனையிலா என்பதையெல்லாம் வைத்து 4 முதல் 12 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று 2009-இல் வந்தது. கட்டி பற்றிய பேச்சில் "எத்தனை சென்டிமீட்டர்" என்பதோடு இந்த மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. கட்டி மிகப் பெரிதாகி அந்தப் பக்கச் சிறுநீரகத்தையே தின்று முடித்திருந்தால், அந்தச் சிறுநீரகம் ஏற்கெனவே வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். மறுபக்கம் சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கும். அப்போது முழுதாக எடுப்பதால் புதிதாக இழப்பது கொஞ்சம்தான். எந்தப் பக்கம் எவ்வளவு உழைக்கிறது என்பதை டி.டி.பி.ஏ. ஸ்கேன் பங்கு பிரித்துச் சொல்லிவிடும். சந்தேகமுள்ளவர்களுக்கு இந்த ஸ்கேனை எடுத்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஊசித் தடத்தில் பரவுவது மிக மிக அரிது. ஆனாலும் பெரிய கட்டி, படத்தில் தெளிவான தோற்றம், எப்படியும் அறுவை உறுதி என்றால் பயாப்சி தேவைப்படுவதில்லை. படம் குழப்பினாலோ, நோய் வேறு உறுப்புக்குப் பரவியிருந்து முதலில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தாலோ ஊசி வேண்டும்.

ரத்தத்தை நிறுத்திவைக்கும் நிமிடங்கள்

பகுதி அறுவை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்தத் திசுவில் அப்படியே கத்தி வைத்தால் ரத்தம் பொங்கி எதுவும் தெரியாது. அதனால் முதலில் தமனியைத் தேடிப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகத்தின் மேலேயே சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, கட்டி உள்ளே எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து, சுற்றிலும் கோடு போட்டுக்கொள்கிறார்கள். பிறகு தமனியில் கிளிப். சிறுநீரகம் சிவப்பிலிருந்து வெளிறுகிறது. அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் ஒரு நிமிடத்தை ஒட்டிய மூச்சில் சிப்பி அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். கயிற்றைப் பிடித்திருப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். ரத்தம் நிறுத்தப்பட்ட சிறுநீரகத்துக்கும் அப்படி ஒரு மூச்சு உண்டு: உடல் சூட்டிலேயே இருந்தால் 25 முதல் 30 நிமிடம். தியேட்டரில் ஒருவர் நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குள் மெல்லிய நல்ல திசு விளிம்போடு கட்டியை வெட்டி எடுக்க வேண்டும். திறந்துபோன சிறுநீர்ப் பாதையைக் கரையும் நூலால் மூட வேண்டும். வாய் பிளந்த ரத்தக்குழாய்களைத் தைக்க வேண்டும். பள்ளத்தின் இரு கரைகளையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு கிளிப்பை எடுத்து, மறுபடி சிவக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்து நிற்க வேண்டும்.

பெரிய கட்டிக்கு அந்த 25 நிமிடம் போதாது. அங்கேதான் பழைய ஓப்பன் முறைக்கு மதிப்பு வருகிறது. திறந்த வயிற்றில் சிறுநீரகத்தைச் சுற்றி நொறுக்கிய ஐஸ் கூழை அடுக்கிப் பத்து நிமிடம் குளிரவைத்தால், கெடாமல் தாங்கும் நேரம் ஒரு மணி வரைகூட நீளும். துளை வழியாக இதைச் செய்வது கடினம். ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவருக்குப் பெரிய, சிக்கலான கட்டி என்றால், "ஓப்பன்" என்று சொல்லும் மருத்துவரைப் பழைய ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் உங்கள் சிறுநீரகத்துக்கு நேரம் வாங்கித் தருகிறார். மறுபக்கம், பஞ்சாபில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற இந்தர்பீர் கில் போன்றவர்கள், முழுத் தமனியையும் அடைக்காமல் கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் அடைத்துச் செய்யும் முறைகளை 2011-இலிருந்து வளர்த்துக்காட்டியிருக்கிறார்கள்.

பகுதி அறுவைக்கு விலையும் உண்டு. ரத்த இழப்பு கூடுதல். தைத்த இடத்தில் சிறுநீர் கசியலாம்; அதற்கு ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும். உள்ளே ஒரு சின்னத் தமனி பலூன்போல் வீங்கி, வீட்டுக்குப் போன ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சிறுநீரில் ரத்தமாகக் கொட்டலாம். அப்படி வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ரத்தக்குழாய் வழியாக அடைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

சிறுநீரகத்தைக் காப்பாற்றினால் ஆயுளும் கூடுமா? 541 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2011-இல் வந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. ஐந்து சென்டிமீட்டர் வரையிலான கட்டிகள் மட்டும் சேர்க்கப்பட்ட அந்த ஆய்வில், பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முழு அறுவையில் 81.1 சதவீதம், பகுதி அறுவையில் 75.7 சதவீதம். சிறுநீரகத் திறன் பகுதி அறுவையில் நன்றாக இருந்தும், அது ஆயுளாக மாறவில்லை. இரண்டு சிறுநீரகமும் நன்றாக உள்ள ஒருவரை வற்புறுத்தி ஆபத்தான பகுதி அறுவைக்குத் தள்ளக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். மறுபக்கம் முழு ஆரோக்கியம், கட்டி பெரியது, நடுவில் புதைந்தது என்றால் முழுதாக எடுப்பதே சரி. ஜி.எஃப்.ஆர். ஏற்கெனவே தேய்ந்தவர், புரதம் போகிறவர், இரண்டு பக்கமும் கட்டி உள்ளவர், குடும்பத்தில் வழிவழியாக வருகிறவர் ஆகியோருக்கு எட்டு, பத்து சென்டிமீட்டராக இருந்தாலும் பகுதி அறுவைக்கு முட்டிமோதிப் பார்க்க வேண்டும். உப்பளத்திலிருந்து வருகிறவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைப் பரிசோதிக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

இப்போது ரோபோட்

முழுச் சிறுநீரகத்தை எடுப்பதென்று முடிவானால், முதல் கேள்விக்கு வரலாம். 1990-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன் குழு முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் சிறுநீரகத்தை எடுத்தது. அதன்பின் உறுப்புக்குள் அடங்கிய பெரிய கட்டிகளுக்கும் அதுவே பரவலான முறையாகிவிட்டது. வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் நடமாட்டம். புற்றுநோய்க் கட்டுப்பாட்டில் ஓப்பனுக்குச் சமம். ஆனால் துளை வழியாகவே எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பத்து சென்டிமீட்டர் கட்டியும் அதைச் சுற்றிய கொழுப்பும் சிதையாமல் பையில் வைத்து வெளியே வர அடிவயிற்றில் ஒரு வெட்டு வேண்டும். உள்ளேயே நொறுக்கி எடுத்தால் சிதறும் ஆபத்து. கட்டியின் எல்லையை நோய்க்குறியியல் நிபுணர் அளக்கவும் முடியாது.

முழு அறுவைக்கு ரோபோட் தேவையா? அமெரிக்காவில் 2003 முதல் 2015 வரை நடந்த 23,753 முழு அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோட்டில் பெரிய சிக்கல்கள் குறையவில்லை என்றது. நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுத்தவை ரோபோட்டில் 46.3 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 25.8 சதவீதம். செலவும் கூடுதல். ரோபோட்டின் உண்மையான பலன் பகுதி அறுவையின் தையல் வேலையில்தான். மணிக்கட்டுபோல் திரும்பும் கருவி அந்த 25 நிமிடத்துக்குள் தைத்து முடிக்க உதவுகிறது. முழுச் சிறுநீரகத்தை எடுப்பதற்காக நகையை அடகு வைத்து ரோபோட்டுக்குப் பணம் கட்டும் குடும்பங்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டி சிரைக்குள் நுழைந்துவிட்டால் வேறு உலகம். சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரமான குணம்: அது சிரைக்குள் தண்டுபோல் வளர்ந்து, வயிற்றின் பெருஞ்சிரைக்குள் இறங்கி, கல்லீரலுக்குப் பின்னால் ஏறி, இதயத்தின் மேலறை வரைகூடப் போகும். அப்படி நீண்டாலும், வேறெங்கும் பரவாதவர்களில் சுமார் பாதிப் பேரை அறுவை சிகிச்சை ஐந்தாண்டைத் தாண்ட வைக்கிறது என்பதால் கைவிடத் தேவையில்லை. தண்டின் முனை சிறுநீரகச் சிரையிலேயே நின்றால் அனுபவமுள்ள சிறுநீரியல் குழு போதும். கல்லீரலைத் தாண்டினால் கல்லீரலைப் புரட்டிப் பெருஞ்சிரையைத் திறக்க வேண்டும். இதயத்தை எட்டினால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்ய வேண்டும். இந்த அறுவையை எந்த ஊரில் செய்வது என்று யோசிக்கும்போது அறை வாடகையைப் பார்க்காதீர்கள். அங்கே இதய அறுவைக் குழுவும் ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே கூரைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெரியதெல்லாம் புற்றுநோய் அல்ல

ஆஞ்சியோமயோலிப்போமா என்ற கட்டி, பெண்களுக்கு அதிகம் வருவது, கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்தது. சி.டி.யில் கொழுப்பு தெரிந்தாலே அடையாளம் காணலாம். புற்றுநோய் இல்லை. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் திடீரென வெடித்து உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது என்பதுதான் கவலை. தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி ரத்தப் பாதையை அடைத்தே பலருக்குச் சமாளித்துவிடலாம். நாள்பட்ட கல்லும் சீழும் சேர்ந்து மஞ்சள் நிறக் கட்டியாக மாறும் நோயும், காசநோயும் நம் பகுதியில் புற்றுநோய் வேஷம் போட்டு வருவதுண்டு.

குழந்தைகளின் கதை தனி. மூன்று நான்கு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தாயின் கையில் வயிற்றுக் கட்டி தட்டுப்பட்டால் அது வில்ம்ஸ் கட்டியாக இருக்கலாம். ஐரோப்பிய முறையில் முதலில் நான்கு வாரம் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை. வட அமெரிக்க முறையில் முதலில் அறுவை. வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்து வளர்கிறார்கள். பெரியவர்களுக்கான எந்தக் கணக்கையும் இவர்கள்மேல் போடக் கூடாது. குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும்.

நுரையீரலுக்கோ எலும்புக்கோ ஏற்கெனவே பரவியிருந்தால், "எப்படியாவது கட்டியை எடுத்துடுங்க சார்" என்று மன்றாடும் குடும்பத்துக்கு 2018-இல் வந்த கார்மெனா ஆய்வு முக்கியம். 450 பேரில், அறுவையும் மருந்தும் பெற்றவர்களைவிட சுனிட்டினிப் மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் நிலை மோசமாகிவிடவில்லை: பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் முறையே 13.9 மாதம், 18.4 மாதம். அவசரமாக எடுப்பது எல்லோருக்கும் நன்மை அல்ல என்று அது நிரூபித்தது. அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்குக் குறிவைத்த கதிர்வீச்சு இப்போது ஒரு வழி. அதன் ஆய்வுகளில் இருந்தவை பெரும்பாலும் நடுத்தர அளவுக் கட்டிகள்.

எங்கே போவது, யார் கட்டுவது

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் தொடங்கியது. ஐம்பது கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கப்பால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. அதற்கும் மேலே என்றால் இரவில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்னை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. சிறுநீரக அறுவைகள் அதில் உண்டு. அட்டை எடுத்து வைக்காத குடும்பம், ரிப்போர்ட் வந்த அன்றே கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்கு ஒருவரை அனுப்பலாம். பெரிய கட்டியும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் எடுத்தே ஆக வேண்டியதில்லை. இரண்டாவது கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது.

எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் அறுவையைவிட நீண்ட காலம் பேசும். மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் ஊசி போட்டால் நன்மை என்று 994 பேர் ஆய்வு 2021-இல் காட்டியது; ஆயுளே கூடுகிறது என்று 2024-இல் உறுதியானது. ஒரு டோஸின் விலையே லட்சங்களில் என்பதால் இந்தக் கரையில் எத்தனை பேருக்கு எட்டும் என்பது வேதனையான கேள்வி. மருந்து எட்டாவிட்டாலும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. இந்த நோய் ஐந்தாண்டு கழித்தும், சிலருக்குப் பத்தாண்டு கழித்தும் திரும்பி வந்திருக்கிறது.

"கிட்னிய எடுத்துட்டா வேலைக்குப் போகலாமா சார்?" என்பது ஆணும் பெண்ணும் தவறாமல் கேட்பது. போகலாம். ஓப்பன் அறுவை என்றால் பாரம் தூக்குவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் இடத்தில் குடலிறக்கம் வரலாம். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. வலித்தால் பாராசிட்டமால் போதும். கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உப்பளத்துக்குத் திரும்புகிறவருக்கு வேலையிடத்தில் நிழலும், கைக்கெட்டும் தூரத்தில் குடிநீரும், பெண்ணாக இருந்தால் கழிப்பறையும் வேண்டும் என்பதை மருத்துவரிடம் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டால் கங்காணி மறுத்துவிடலாம். டாக்டர் கையெழுத்தோடு இருந்தால் அதைக் கொண்டு போய்த் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் நிற்கலாம்.